கிழங்கும் இஞ்சியும், மீனும் தயிரும்: சேர்த்துச் சாப்பிட்டால் நஞ்சாகுமா?

வன்னியில் மரவள்ளி அவிக்கிற வீட்டில் இஞ்சியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவார்கள். "கிழங்கு திண்டிட்டு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சிடாத பிள்ளை, நஞ்சாப் போயிடும்" என்று அம்மம்மா சொன்னதை இன்று வட்ஸ்அப்பும் சொல்கிறது. அது அதோடு நிற்பதாகவும் இல்லை. மீனோடு தயிர், இறாலோடு தேசிக்காய், வத்தகப்பழத்தோடு தண்ணீர், தேனோடு நெய், கொக்கா கோலாவோடு மென்டோஸ் என்று சேரக்கூடாத சோடிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொன்றின் கீழும் "ஓர் உயிரையாவது காப்பாற்ற உடனே பகிருங்கள்" என்று வேறு.

இந்தச் சோடிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த நம்பிக்கைகள் பலவற்றுக்கு அடியில் மெய்யான ஓர் ஆபத்து கிடக்கிறது. கிழங்கில் நஞ்சு உண்டு. மீன் தின்றவருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிப்பதும் உண்டு. பழிதான் ஆள்மாறி இஞ்சியின் மேலும் தயிரின் மேலும் விழுந்துவிடுகிறது. இதில் என்ன கேடு என்று கேட்டால், இஞ்சியை ஒளித்துவிட்ட நிம்மதியில் கிழங்கை அரை அவியலில் இறக்கிவிடுகிறோம், தயிரைத் தள்ளிவைத்துவிட்டு வெயிலில் கிடந்த மீனைச் சமைக்கிறோம்.

முதலில் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம். மதியச் சோற்றுக் கோப்பையில் என்னென்ன இருக்கிறது? சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மீன், கீரை, மேலே சொதி. சொதிக்குள் தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப்புளியும். மிளகு, சீரகம், மஞ்சள் என்று சரக்குகளையும் எண்ணினால் இருபதைத் தாண்டும். இரண்டு உணவு சந்தித்தாலே நஞ்சு பிறக்கும் என்றால் நாங்கள் ஒருவரும் பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் தாங்கமாட்டோம்.

இரைப்பை கலந்து அரைப்பதற்கென்றே இருக்கிற உறுப்பு. அதில் சுரக்கும் அமிலம் தேசிக்காய்ப்புளியைவிடக் கடுமையானது. பாலுக்கு மேல் புளியைச் சாப்பிட்டால் வயிற்றுக்குள் பால் திரைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வெறும் பாலைக் குடித்தாலும் அது அங்கே திரைந்தே தீரும். கைக்குழந்தை கக்குகிற பாலில் வெள்ளைத் துணுக்குகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது திரைந்த பால்தான், குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனபின் மீனின் புரதமும் தயிரின் புரதமும் ஒரே வகை அமினோ அமிலங்களாக உடைந்துபோகின்றன. எது மீனிலிருந்து வந்தது, எது தயிரிலிருந்து வந்தது என்று குடலுக்குத் தெரியாது.

அப்படியென்றால் சாப்பாட்டால் நோய் வருவதே இல்லையா? தாராளமாக வருகிறது. சமைக்கிற பொருளிலேயே நஞ்சு இருந்திருக்கலாம். வைத்த இடத்திலும் வைத்த நேரத்திலும் கிருமி பெருகியிருக்கலாம். சாப்பிட்டவர் பச்சைக் குழந்தையாகவோ, ஏதாவது குளிசை குடிப்பவராகவோ இருக்கலாம். பக்கத்துக் கோப்பையில் என்ன இருந்தது என்பது அநேகமாக இந்தக் கணக்கிலேயே வராது.

மரவள்ளியைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இதில்தான் உண்மையும் கதையும் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. மரவள்ளிச் செடி தன்னைத் தின்ன வருகிற விலங்கிடமிருந்து தப்புவதற்காக லினமரின் என்ற ஒரு பொருளைத் தன் உடம்பு முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறது. அது அப்படியே இருந்தால் பெரிதாகத் தொல்லையில்லை. கிழங்கை வெட்டினால், நசுக்கினால், துருவினால், வேறு அறைகளில் இருந்த ஒரு நொதியம் வந்து லினமரினை உடைக்கத் தொடங்கும். அந்த உடைசலின் முடிவில் வெளிவருவது ஐதரசன் சயனைட். உடம்பின் கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்த முடியாமல் செய்கிற நஞ்சு அது. மனிதருக்கு உயிராபத்தான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை. எடைக்கணக்கு என்பதால், பெரியவருக்குத் தலைசுற்றலோடு போகிற ஒரு கிழங்கு சின்னப்பிள்ளையைச் சாய்த்துவிடக்கூடும்.

எல்லாக் கிழங்கும் ஒன்றல்ல. நாங்கள் சாப்பாட்டுக்கு நடுகிற இனிப்புச் சாதிகளில் ஒரு கிலோ பச்சைக் கிழங்குக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சயனைட் இருக்கும். கசப்புச் சாதிகளில் அது பல மடங்கு கூடும். அதே இனிப்புச் சாதியும் மழை பொய்த்த வருடத்தில் காய்ந்த நிலத்தில் விளைந்தால் நஞ்சைக் கூட்டி வைத்துக்கொள்ளும். சோளகம் சுழன்றடிக்கிற மாதங்களில் வன்னி நிலம் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கிழங்கு கசந்தால் துப்பிவிட்டு மீதியையும் கொட்டிவிடுவதுதான் புத்தி. "கொஞ்சம் உப்புப் போட்டால் சரியாகிடும்" என்பது சரிவராது.

கைப்பழக்கமுள்ள பெண்கள் கிழங்கு சீவுவதைப் பாருங்கள். மண்நிறத் தோலுக்குக் கீழே தடிப்பாக இன்னொரு பட்டை இருக்கும். கத்தியால் நெடுக ஒரு கீறல் போட்டு, நுனியை நெம்பி, அந்தப் பட்டையை முழுசாகச் சுருட்டிக் கழற்றிவிடுவார்கள். சதையைவிட அந்தப் பட்டையில்தான் நஞ்சு அதிகம். பிறகு கிழங்கை நெடுக்காகப் பிளந்து நடு நாரை இழுத்து எறிவார்கள். பிளந்த முகத்தில் நீலக்கோடு ஓடியிருந்தால் அந்தத் துண்டு மாட்டுக்கும் போகாது, குப்பைக்குத்தான். நீலக்கோடு என்பது கிழங்கு பிடுங்கி நாட்பட்டதன் அடையாளம். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளிலேயே பழுதாகத் தொடங்கிவிடும். இந்தச் சீவல், பிளவு, பார்வை மூன்றையும் யாரும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை. ஆனால் இஞ்சிக் கதையைவிட ஆயிரம் மடங்கு உயிர் காத்தது இதுதான் என்பேன்.

அவிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் நிறைய விட்டு அடுப்பில் ஏற்றவேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போடுவதைவிடப் பச்சைத் தண்ணீரில் தொடங்குவது நல்லது. மெல்லச் சூடேறும்போது நொதியத்துக்கு லினமரினை உடைக்க நேரம் கிடைக்கிறது. அப்போது வெளிவருகிற ஐதரசன் சயனைட்டின் கொதிநிலை ஏறக்குறைய 26 பாகைதான், ஆகவே அது ஆவியாகப் போய்விடும். மூடியைத் திறந்து வைக்கவேண்டும் என்று கிழவிகள் சொன்னது இதனால்தான் பொருந்துகிறது. உடையாமல் மிஞ்சிய லினமரின் தண்ணீரில் கரையும், அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டவேண்டும். சுடுவதும் பொரிப்பதும் இவ்வளவு தூரம் நஞ்சைக் குறைப்பதில்லை.

இப்போது இஞ்சிக்கு வருவோம். இஞ்சியில் சயனைட் இல்லை. ஒழுங்காக அவித்து வடித்த கிழங்கில் இஞ்சி வந்து கிளறிவிடுவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருப்பதும் இல்லை. சரியாக அவியாத கிழங்கு என்றால் இஞ்சி இல்லாமலே அது வேலையைக் காட்டும். பிறகு ஏன் இந்தப் பழி? என் ஊகம் இது: வயிற்றைப் பிரட்டினால், சத்தி வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் கொடுப்பது இஞ்சிச் சாறு அல்லது இஞ்சித் தேத்தண்ணி. கிழங்கு நஞ்சேறத் தொடங்கிய ஒருவருக்கு அதைப் பருக்கி, அதற்குப் பிறகு அவர் மயங்கி விழுந்தால், பார்த்து நின்றவர்களின் கண்ணில் கடைசியாகப் பட்டது இஞ்சி. மருந்தாக வந்தது குற்றவாளியாகிவிட்டது.

பழி ஆள்மாறுவதற்கு மரவள்ளியிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 2005 மார்ச்சில் பிலிப்பைன்சின் பொஹோல் தீவில் மாபினி என்ற ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரவள்ளிப் பலகாரம் வாங்கிச் சாப்பிட்டு 27 பேர் இறந்துபோனார்கள். கிழங்குச் சயனைட்தான் காரணம் என்றே எல்லாரும் முதலில் நினைத்தார்கள். பரிசோதனையில் அகப்பட்டது கார்பமேட் வகைப் பூச்சிநாசினி. மாவென்று நினைத்து அது கலக்கப்பட்டிருந்தது. வயலுக்கு அடிக்கிற மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினித் தட்டில் வைக்கிற பழக்கம் இன்னும் விட்டுப்போகாத ஊர்களுக்கு, எந்தச் சோடிக் கதையையும்விட இது முக்கியம்.

மரவள்ளிக்கு நல்ல சோடியும் ஒன்று உண்டு. உடம்பு சிறிதளவு சயனைட்டைக் கந்தகத்தோடு சேர்த்துத் தயோசயனேற்றாக்கிச் சிறுநீரில் கழித்துவிடும். அந்தக் கந்தகம் மீன், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் புரதத்திலிருந்து கிடைக்கிறது. 1981இல் மொசாம்பிக்கில் வறட்சி வந்தபோது, சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை மட்டுமே தின்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால் விறைத்து நடக்க முடியாமல் போனார்கள். கொன்சோ என்று பெயர் கொண்ட நோய் அது. தொட்டுக்கொள்ள மீனோ பருப்போ இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே அவித்த கிழங்கும் மீன் குழம்பும் என்று சாப்பிடுகிற முல்லைத்தீவுக்காரரின் கோப்பை, விஞ்ஞானத்துக்கும் பொருந்துகிற கோப்பை.

மீன் என்றதும் தயிர் வந்து நிற்கும். மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்புள்ளி வரும், குட்டம் வரும் என்பது பழைய நம்பிக்கை. சரக சம்ஹிதை போன்ற ஆயுர்வேத நூல்களிலேயே மீனும் பாலும் ஒவ்வாத சேர்க்கையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் குட்டம் ஒரு பற்றீரியாவால் வருவது, அதை 1873இல் நோர்வேயின் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். வெண்புள்ளி, தோலுக்கு நிறம் தருகிற கலங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது. தொற்றாது, சாப்பாட்டாலும் வராது. வெயிலில் வேர்த்து வேலை செய்கிறவர்களின் முதுகிலும் மார்பிலும் படர்கிற தேமல் வேறு, அது தோலில் வாழும் ஒரு மதுவ வகையால் வருவது, பூச்சு மருந்துக்கு மாறிவிடும். வங்காளத்தில் தயிரில் மீன் சமைப்பது விருந்துச் சாப்பாடு. எங்கள் கதை மெய்யென்றால் அங்கே முழு ஊரும் வெள்ளையாகத் திரியவேண்டும். கலியாணம் பேசுகிற இடத்தில் வெண்புள்ளி உள்ள பெண்ணின் தாயைப் பார்த்து "வயித்தில இருக்கேக்க மீனும் தயிரும் திண்டிருப்பாய்" என்று சொல்கிறவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்கலாம்.

ஆனால் மீன் சாப்பிட்டு அரைமணியில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடித்துத் தடிப்பு வந்ததைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் இறந்தபின் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒவ்வாமை வந்தால் எங்கள் உடம்பே சுரக்கிற அதே பொருள்தான் ஹிஸ்டமின். அதனால்தான் இந்த நஞ்சூட்டல் ஒவ்வாமை போலவே தெரிகிறது. விடியக் கரையில் இறங்கிய மீன் முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளத்துக்கு மோட்டார்சைக்கிளில் வந்து சேரும்போது பத்துப் பதினொரு மணியாகலாம். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் இருந்தால் பிரச்சினையில்லை. நனைத்த சாக்கால் மூடிய பெட்டி என்றால் யோசியுங்கள். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் அவித்தாலும் பொரித்தாலும் ஐஸில் போட்டாலும் போகாது. மணத்தில் தெரியவேண்டும் என்றும் இல்லை, சிலவேளை நாக்கில் மிளகு போல ஒரு குறுகுறுப்பு மட்டும் தெரியும். அன்றைக்குத் தயிரும் இருந்திருந்தால் பழி தயிருக்கு. இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ பிடித்த திலாப்பியாவில் ஹிஸ்டிடின் குறைவு, இந்தத் தொல்லையும் அரிது.

இறாலும் தேசிக்காயும் சேர்ந்தால் ஆசனிக் என்ற கொடிய நஞ்சாகிவிடும் என்ற செய்தி விஞ்ஞானச் சொற்களைப் போர்த்திக்கொண்டு வருவதால் படித்தவர்களையும் வெருட்டுகிறது. கடலுணவில் ஆசனிக் இருப்பது உண்மைதான். அதில் மிகப் பெரும்பங்கு ஆசனோபீட்டெயின் என்ற வடிவில் இருக்கிறது, அது உடம்பில் தங்காமல் சிறுநீரோடு போய்விடும். தேசிக்காய்ப்புளி அதை நஞ்சாக மாற்றும் அளவுக்கு எதுவும் செய்துவிடாது. நந்திக்கடல் இறாலுக்குப் புளி பிழிவதை யாரும் நிறுத்தவேண்டாம்.

மென்டோசைப் போட்டால் கோலா பொங்குவது, அதில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு மிட்டாயின் சொரசொரப்பான மேற்பரப்பில் குமிழ் கட்டி ஒரேயடியாக வெளியேறுவதால். போத்தலில் அது வேடிக்கை, வயிற்றில் ஒரு பெரிய ஏப்பம்.

வத்தகப்பழத்துக்கு மேல் தண்ணீர் குடித்தால் வயிற்றோட்டம் வரும் என்பார்கள். அந்தப் பழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீருக்கு மேல் தண்ணீர் என்ன செய்யும்? தெருவோரத்தில் காலையில் வெட்டி அடுக்கிய துண்டு, வெட்டிய கத்தி, கத்தி கழுவிய வாளித் தண்ணீர், மேலே குந்திய இலையான், இவற்றைத்தான் கேட்கவேண்டும். வத்தகப்பழத்தில் புளிப்பு இல்லாததால் வெட்டிய முகத்தில் கிருமி நன்றாகப் பெருகும். முழுப்பழமாக வாங்கி வீட்டில் வெட்டினால் கதை முடிந்தது.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்காமல் கண்டி வீதியில் போனவர் யார்? கச்சானுக்கு மேல் தண்ணீர் குடித்தால் இருமல் வரும் என்று பஸ்ஸில் பின்சீற்றில் இருந்து ஒருவர் கட்டாயம் சொல்வார். கச்சான் தோல் தொண்டையில் ஒட்டினால் தண்ணீர் குடிக்காவிட்டாலும் இருமல் வரும். கச்சானில் பயப்படவேண்டியது இரண்டு. சின்னப்பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் மூச்சுக்குழலில் சிக்கும், ஆகவே கொடுக்கவே கூடாது. மற்றது பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீனியில் இருந்த பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கைத் தேடிப்போய்த்தான் அப்லடொக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கிக் கறுத்துக் கசக்கிற பருப்பை விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

தேனும் நெய்யும் சமஅளவில் சேர்ந்தால் நஞ்சு என்பதும் ஆயுர்வேதத்திலிருந்து வந்ததே. இரண்டும் சேர்ந்து நஞ்சாவதில்லை. தேனில் எனக்குப் பயம் வேறு இடத்தில். காட்டுத் தேன் வன்னியின் பெருமை, அதில் விரலைத் தொட்டுப் பிறந்த குழந்தையின் நாக்கில் வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தேனில் குளொஸ்ட்ரீடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் உறங்கிக் கிடக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்சமுடியாமை, அழுகுரல் மெலிதல், கழுத்து நிற்காமல் துவளல் என்று தொடங்கி மூச்சை நிறுத்தும் வரை போகலாம். இந்த நோய் இனங்காணப்பட்டதே 1976இல்தான், ஆகவே அப்பம்மாவுக்குத் தெரியாதது அவர் குற்றமில்லை. தெரிந்தபின் கொடுப்பதற்குச் சாட்டு இல்லை. அந்தத் தேனைச் சுட வைத்தாலும் வித்துகள் சாகாது.

சேரக்கூடாத சோடி என்று ஒன்றுகூட இல்லையா என்றால், இருக்கிறது. அவை அநேகமாக உணவும் உணவும் அல்ல, உணவும் குளிசையும். இதில் மிக அழகான கண்டுபிடிப்பு எங்கள் தீவிலேயே நடந்தது. 1970களில் காசநோய்க்கு ஐசோனியாசிட் குடித்துவந்த நோயாளிகள் சிலர் சூரை இன மீனைச் சாப்பிட்டபின் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்துத் தவித்ததை வைத்தியர் உரகொடவும் சகாக்களும் கவனித்து எழுதினார்கள். சாதாரணமாக மீனில் இருக்கிற கொஞ்ச ஹிஸ்டமினைக் குடலில் ஒரு நொதியம் அழித்துவிடும். ஐசோனியாசிட் அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மீன் காசநோயாளியைப் படுத்துவது அதனால்தான். மருந்தை நிறுத்தக்கூடாது, மீனைத்தான் நிறுத்தவேண்டும்.

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சாயத்தில் உள்ள பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துவிடும், இரத்தத்துக்கு ஏறுவது குறையும். பாலும் கல்சியக் குளிசையும் அதே வேலையைச் செய்யும். தேசிக்காய்த் தண்ணியோ நெல்லிச்சாறோ கூட்டிக்கொடுக்கும். வயலில் இறங்குவதற்கு முன் எலிக்காய்ச்சலுக்காகத் தருகிற டொக்சிசைக்கிளினைச் சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு எடுக்கவேண்டும், பாலோடும் இரும்புக் குளிசையோடும் சேர்க்கக்கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குடிப்பவர்கள் கீரையை ஒருநாள் கூட்டி ஒருநாள் விடாமல் ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும். இந்தச் செய்திகளை யாரும் "உடனே பகிருங்கள்" என்று அனுப்புவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

கடைசியாக, வயிறு பிரட்டினால் அதற்கு முன் தின்றதைப் பழி சொல்கிற பழக்கம். அன்னதானத்துக்கோ அந்தியேட்டிக்கோ விடியச் சமைத்த சோற்றுக் கிடாரம் மூடியபடி பின்னேரம் வரை இளஞ்சூட்டில் இருந்தால், கொதியிலும் சாகாத பசிலஸ் என்ற கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சு வைக்கும். அது ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தியைக் கொண்டுவரும். சல்மொனெல்லா என்ற கிருமியால் நோய் வர ஆறு மணித்தியாலமும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். ஆகவே இன்றைய வயிற்றோட்டத்துக்குக் காரணம் நேற்று முன்தினம் கடையில் தின்ற கொத்தாக இருக்கலாம், சற்றுமுன் குடித்த மோர் பாவம். சமைத்த சாப்பாடு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்பது பொதுக்கணக்கு, 32 பாகையைத் தாண்டிய வெயிலில் ஒரு மணித்தியாலம்தான். கிளிநொச்சியில் வருடத்தில் எத்தனை மத்தியானம் 32 பாகைக்குக் கீழே இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் சத்தியும் வயிற்றோட்டமும் வந்தால் மூன்று நாளைக்கு யார் யார் எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிழங்கு சாப்பிட்டபின் தலைசுற்றி மூச்சு வாங்கினால் வீட்டு வைத்தியம் பார்த்து நிற்கவேண்டாம், நேரம் முக்கியம். மிச்சக் கறியையும் கிழங்கையும் நாய்க்கு ஊற்றிவிடாமல் மூடி எடுத்து வையுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அது தேவைப்படும்.